பூஜ்யங்களின் வேகம்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லாரும் அவனை ஸ்பீடு என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சரி. நாற்பதைத் தாண்டி, முன்மண்டை வழுக்கையாகி, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஆளுக்கு இப்படி ஒரு பட்டமா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். கொஞ்ச காலம் முன்புவரை அந்தப் பட்டம் அவனுக்கு இனித்தது. இப்போது யாராவது ‘ஸ்பீடு சார்’ என்றால் காது மடல் சூடாகிறது, தலை தானாகக் குனிகிறது. ஏன் என்று சொல்கிறேன். செய்தவன் அவன்தான், ஆனால் சொல்ல வரும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, பாருங்கள்.

அந்தக் கூடத்தில் மீன் முட்டைக்குள் இதயம் எப்படி முதன்முதலாகத் துடிக்கத் தொடங்குகிறது என்று படம் பிடிக்கிறார்கள். முட்டை கடுகளவு. அதைப் பார்க்க ஒரு அறை நிறைய நுண்ணோக்கி, அதில் இரண்டு கேமரா. ஓட விட்டால் நிமிடத்துக்கு இருபது சினிமா அளவுக்குப் படத்தைக் கொட்டும். கொட்டுகிற வேகத்துக்கு வாங்கி வைக்க ஒரு சேமிப்புப் பெட்டி வேண்டும். அது மாடியில் வேறொரு அறையில் இருக்கும். நடுவில் கண்ணாடி இழைக் கேபிள். பெட்டி வாங்கத் தாமதித்தால் இடையிடையே படங்கள் பதிவாகாமல் விழுந்துவிடும். முட்டைக்குள் முதல் துடிப்பு ஒரே ஒரு தடவைதான். ‘கொஞ்சம் நிறுத்து, மறுபடி துடி’ என்று மீனிடம் கெஞ்ச முடியாது.

பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கணினிப் பிரிவுக்கு வந்தது. கணினிப் பிரிவு என்றால் அவன் ஒருவன்தான். இரண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு பெட்டியைச் சோதனைக்கு அனுப்பின. ஒன்று சாம்பல் நிறம், ஒன்று கறுப்பு. சாம்பல் பெட்டி பழைய இரும்பு அலமாரி போலச் சும்மா நின்றது. கறுப்புப் பெட்டியோ நீல விளக்குகளை மினுக்கிக்கொண்டு வந்தது. ஐந்து நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எது வேண்டும் என்று தலைமை விஞ்ஞானியிடம் சொல்ல வேண்டும். அந்த அம்மாளை முதுகுக்குப் பின்னால் எல்லாரும் ஹெட்மிஸ் என்பார்கள். கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் விஞ்ஞானி இன்னொரு பெண்மணி. அவரை மீன்காரம்மா என்று முகத்துக்கு நேராகவே கூப்பிடலாம், கோபப்பட மாட்டார். முதல் நாளே அவர் சொன்னார்.

“என் படங்களையே போட்டு ஓட்டிப் பாருங்க சார். எக்கச்சக்கமா கிடக்கு. ஒரு டிஸ்க் கொண்டாங்க, ஏத்தித் தர்றேன்.”

“கண்டிப்பா வர்றேன் மேடம்,” என்றான்.

போனானா? முதல் நாள் பெட்டிகளை இறக்கி மாட்டுவதில் போயிற்று. இரண்டாம் நாள் யாருடைய பிரிண்டரோ மக்கர் பண்ணியது. மூன்றாம் நாள் ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’. நான்காம் நாள் மத்தியானம் டிஸ்க்கோடு கீழே போனால், அவ்வளவையும் நகலெடுக்க அரை நாளாவது ஆகும் என்றார் மீன்காரம்மா. மறுநாள் காலையில் கூட்டம். அவனுக்குச் சோம்பல் வந்துவிட்டது. சோம்பலை யார் சோம்பல் என்று சொல்கிறார்கள்? நேரமில்லை என்று சொல்லிக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்தான். ஒரே ஒரு வரியில் கட்டளை தட்டி, உள்ளே முழுக்க முழுக்கப் பூஜ்யம் மட்டுமே இருக்கும் ராட்சசக் கோப்புகளை உண்டாக்கினான். எழுதுகிற வேகம்தானே தெரிய வேண்டும், உள்ளே என்ன எழுதியிருந்தால் என்ன என்று நினைத்தான். அந்தத் தொழிலில் பாதிப் பேர் அவசரத்துக்குச் செய்கிற காரியம்தான்.

சாம்பல் பெட்டி நொடிக்கு இரண்டு ஜிகாபைட் எழுதியது. கறுப்பு ஒன்பது.

கேமரா இரண்டும் சேர்ந்து கொட்டுவது ஒன்றரைக்குச் சற்று மேலே. இரண்டு என்றால் மட்டுமட்டாகப் போதும். ஒன்பது என்றால் இன்னும் நாலு நுண்ணோக்கி வந்தாலும் கவலையில்லை. மறுநாள் கூட்டத்தில் வரைபடமாக ஒரு குட்டைக் கம்பத்தையும் ஒரு நெட்டைக் கம்பத்தையும் திரையில் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். மீன்காரம்மா மட்டும், “என் படத்தை வச்சா ஓட்டினீங்க?” என்று கேட்டார். “அதே அளவு கோப்புதான் மேடம்,” என்றான். பொய் இல்லை, உண்மையும் இல்லை. ஹெட்மிஸ் அதிசயமாகச் சிரித்து, “ஸ்பீடுன்னா இதுல்ல ஸ்பீடு!” என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் அந்தப் பட்டம். கறுப்புப் பெட்டியையே வைத்துக்கொண்டு, சாம்பல் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கேபிள் போட யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது, அவன் தன் அத்தானைச் சொன்னான். அக்காவின் கணவர். இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணாடி இழை வேலை பார்க்கிறவர். தலைமுடியைவிட மெல்லிசான இழை. அதன் இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்து ஒட்ட வேண்டும், ஒரு தூசி இருந்தாலும் ஒளி சிதறிவிடும். அத்தான் ஒவ்வொரு முனையையும் ஒட்டி, மீட்டர் வைத்துப் பார்த்து, வந்த அளவை ஒரு நோட்டில் எழுதுவார். திருப்தி வராவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒட்டுவார். வீட்டில் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். “சட்டைப் பொத்தான் தைக்கச் சொன்னாக்கூட மீட்டரைத் தேடுவாரு உங்க அத்தான்.” ஆராய்ச்சிக்கூடத்தில் நாற்பத்தெட்டுக் கேபிள், தொண்ணூற்றாறு முனை. எல்லாவற்றையும் தரைப் பலகைகளுக்கு அடியில் ஒழுங்காக ஓட்டி முடித்துக் கொடுத்தார்.

முதல் பெரிய படப்பிடிப்பில் படங்கள் விழுந்தன. ஒன்று இரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். மீன்காரம்மாவின் மூன்று முட்டைகளின் முதல் துடிப்பு போயே போய்விட்டது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஹெட்மிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“எங்கே கோளாறு?”

“பெட்டி ஒன்பது போட்டதை எல்லாரும் பார்த்தோம் மேடம்,” என்றான் ஸ்பீடு. “அதனால பெட்டியா இருக்க முடியாது. கேமராவும் புதுசு. நடுவில இருக்கறது வயர்தான்.”

“அவர் மீட்டர் வச்சு ஒவ்வொண்ணாப் பார்த்தாரே,” என்றார் மீன்காரம்மா.

“மீட்டரும் சில சமயம் ஏமாத்தும் மேடம்.”

அன்றைக்கு அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவன் பக்கம் சொல்வதற்கு இந்த ஒன்றுதான் இருக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். சாயங்காலம் அத்தானுக்குப் போன் செய்தான். அத்தான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

“அப்படியா மாப்ள? என் நோட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு. பரவால்ல, செவ்வாய்க்கிழமை வந்து அத்தனை முனையையும் வெட்டிட்டுப் புதுசா ஒட்டிடறேன். என்னைக் கூட்டிட்டு வந்தது நீ. என்னால உன் பேரு கெட்டுடக் கூடாது.”

திங்கட்கிழமை காலை, பெட்டியில் இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதற்காக ஸ்பீடு அதன் நிர்வாகத் திரையைத் திறந்தான். அவனுடைய பழைய சோதனைக் கோப்புகள் அழிக்கப்படாமல் அப்படியே கிடந்தன. பெயருக்கு நேரே பூதாகரமான அளவு. அதன் பக்கத்திலேயே, உண்மையில் எடுத்துக்கொண்ட இடம் என்று ஒரு எண். ஒரு கைப்பேசிப் பாட்டு அளவுகூட இல்லை. முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்தத் திரையைச் சட்டென்று மூடினான்.

கறுப்புப் பெட்டி ரொம்பக் கெட்டிக்காரப் பெட்டி. உள்ளே வருவதைச் சுருக்கிச் சுருக்கி வைக்கும். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று வந்தால், ‘இத்தனை கோடி பூஜ்யம்’ என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று சொல்லிவிடும். அன்றைக்கு அந்த நொடிக்கு ஒன்பதில் பெட்டி எழுதியது எதுவுமே இல்லை. மீனின் படத்தில் பூஜ்யம் ஏது? மங்கல் வெளிச்சத்தில் எடுத்த படம், ஒவ்வொரு புள்ளியும் ஒரு தினுசு. சுருக்கவும் முடியாமல் விடவும் மனசில்லாமல் பெட்டி மல்லுக்கட்டுகிறது. அதில் வேகம் நொடிக்கு ஒன்றாக விழுந்துவிட்டது. சுருக்காமல் அப்படியே எழுதுகிற சாம்பல் பெட்டி இரண்டிலேயே ஓடியிருக்கும். ஒரு டிஸ்க்கில் மீன்காரம்மாவின் படத்தை ஏற்றி ஓட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஹெட்மிஸ் அறை இருபதடி தூரம். அவன் நாற்காலியைவிட்டு எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். மத்தியானம் சொல்லலாம் என்றான், சாயங்காலம் சொல்லலாம் என்றான். கை தட்டினவர்கள் முகமெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யாத தப்பை, இத்தனை வருஷம் குப்பை கொட்டிய பிறகு செய்திருக்கிறோம் என்று எப்படி வாயைத் திறந்து சொல்வது?

செவ்வாய்க்கிழமை அத்தான் வந்துவிட்டார். தரைப் பலகைகளைத் தூக்கி ஓரமாக அடுக்கிவிட்டு, குப்புறப் படுத்து, கையைத் தோள்வரை குழிக்குள் விட்டார். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். யார் பிடித்தது என்று நினைக்கிறீர்கள்? இவன்தான் பிடித்தான். இரண்டு நாள் பிடித்தான்.

“மாப்ள, கொஞ்சம் இடது பக்கம். ஆங், அங்கேயே வை.”

அத்தானுக்கு ஐம்பது வயது. ஏசிக் காற்று வீசுகிற குளிர்ந்த அறையில், சில்லிட்ட பலகைத் தரையில் வயிறு பட, மணிக்கணக்காகக் கிடந்தார். எழும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நிமிர முடிந்தது. நல்ல முனைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நறுக்கிப் போட்டார்.

“ஏன்டா வெளிச்சம் ஆடுது? கை நடுங்குதா? காலையில சாப்பிட்டியா இல்லையா?” என்று குழிக்குள்ளிருந்து கேட்டார். பையில் பிஸ்கட் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். அவன் எடுத்துத் தின்றான். வெட்கம் கெட்டவன், அதையும் தின்றான்.

புதன்கிழமை மத்தியானம் அத்தான் எழுந்து உட்கார்ந்து, பழைய நோட்டையும் புது நோட்டையும் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார்.

“பழைய அளவும் இதேதான், இப்ப ஒட்டின அளவும் இதேதான். அப்ப நான் எதைத்தான்டா சரி பண்ணினேன்?”

எதிரில் வேறு யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பத்தை யாரும் தட்டில் வைத்துத் தர மாட்டார்கள். ஸ்பீடு டார்ச்சை அணைத்துவிட்டு, “சில சமயம் அப்படித்தான் அத்தான், மீட்டருக்குத் தெரியாது,” என்றான்.

அன்று ஐந்து மணிக்கு அத்தான் கை கழுவப் போன நேரத்தில் அவன் நிர்வாகத் திரையைத் திறந்து, சுருக்கி எழுத வேண்டாம் என்று ஒரே ஒரு தேர்வை மாற்றினான். ஒரு சொடுக்கு. அவ்வளவுதான் மருந்து. நாளைக்குப் படம் விழாது, அத்தான் உழைப்புக்குப் பலன் கிடைத்த மாதிரி ஆகிவிடும், எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அத்தானுக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்துவிட்டான், மடையன்.

வியாழக்கிழமை காலை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம். ஒரு படம்கூட விழவில்லை. அறையே கலகலத்தது. மீன்காரம்மா திரையைத் தொட்டுக் கும்பிடாத குறை.

“அப்ப வயரேதான்,” என்றார் ஹெட்மிஸ்.

அதைக் கேட்ட பிறகுதான் தான் செய்த காரியம் ஸ்பீடுக்கு உறைத்தது. நேற்றுவரை அத்தான்மேல் இருந்தது வெறும் சந்தேகம். அந்த ஒரு சொடுக்கு அதற்குச் சாட்சி சொல்லிவிட்டது. ஒட்டி முடித்த மறுநாளே சரியாகிவிட்டது என்றால், முன்பு ஒட்டியது தப்பு என்றுதானே அர்த்தம்?

கதவோரம் நின்றிருந்த அத்தான் இரண்டடி முன்னால் வந்தார். “என் தப்புதாங்க,” என்றார். “மூணு முட்டை வீணாப் போச்சுன்னு சொன்னாங்க. மன்னிச்சுக்கங்க.” மீன்காரம்மா, “ஐயோ, விடுங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்,” என்றார். நல்ல மனுஷி. அந்த நல்ல வார்த்தையும் தப்பு செய்யாதவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்பீடு சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வராந்தாவில் அத்தான் அவன் தோளில் கை வைத்தார்.

“தப்பு பண்றது பெரிசு இல்ல மாப்ள. பண்ணினது தெரியணும். எனக்குக் கண்ணுக்கும் தெரியல, கைக்கும் தெரியல, மீட்டர்லயும் தெரியல. அதான் பயமா இருக்கு. இதுக்கு முன்னாடி எத்தனை இடத்துல இப்படிப் போட்டேனோ.”

இதற்குப் பிறகு இருபத்திரண்டு நாள் போயிற்று. எண்ணிச் சொல்கிறேன், ஏனென்றால் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். தினமும் காலையில் பல் துலக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான். மாலையில் பேருந்து ஏறும்போது நாளைக்கு என்பான். அக்காவின் போன் வந்தால் குளியலறையில் இருப்பதாக மனைவியைவிட்டுச் சொல்ல வைத்தான். ‘கரெக்டா வயர்னு கண்டுபிடிச்சீங்களே ஸ்பீடு சார்’ என்று மேல்மாடிக்காரர் ஒருவர் கை கொடுத்தார். அந்தக் கையை அவன் கழுவிக்கொண்டே இருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவே ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். வரவேற்பறை பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது.

“போனை எடுக்க மாட்டேங்கற. அதான் நேர்ல வந்தேன்,” என்றாள். “அவரு கேபிள் வேலைக்கே போகலடா. கண் டாக்டர்கிட்ட போனாரு, பார்வை நல்லா இருக்குன்னுட்டாங்க. நரம்பு டாக்டர்கிட்டயும் போனாரு, ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஒண்ணும் இல்லன்னு சொன்னதும் இன்னும் பயந்துட்டாரு. ஒட்டற மெஷினைத் துணியில சுத்தி அலமாரி மேல போட்டாச்சு. விளக்குக் கடையில பல்பு மாட்டற வேலைக்குப் போறாரு.”

“ஆஸ்பத்திரி வேலை?” என்று கேட்டான். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கேபிள் போடும் வேலை அத்தானுக்கு ஏற்கனவே பேசி முடிவாகியிருந்தது.

“அவரே போய் வேண்டாம்னுட்டு வந்துட்டாரு. ‘ஆபரேஷன் பண்றப்போ பார்க்கற படமெல்லாம் இந்த வயர்லதான் போகும், என் கையை நம்பாதீங்க’ன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. அவங்க நல்லவங்க, நாளைக்கு வரைக்கும் யோசிங்கன்னு சொன்னாங்க. கடைசியா வேலை பார்த்த இடம்னு உன்கிட்டயும் விசாரிக்கிறோம்னாங்களாம். நாளைக்கு விட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க.” அக்கா அவன் முழங்கையைப் பிடித்தாள். “நீ வந்து சொல்லுடா. நீ சொன்னாக் கேப்பாரு. உன்மேல அவ்வளவு நம்பிக்கை.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது அவனுக்கு. “சாயங்காலம் வர்றேன்க்கா,” என்றான்.

அவளை அனுப்பிவிட்டு நேராக ஹெட்மிஸ் அறைக்குப் போய் நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பூஜ்யக் கோப்பிலிருந்து ஐந்து மணிச் சொடுக்குவரை ஒன்று விடாமல் சொன்னான். ஹெட்மிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

“வயர்காரர்கிட்ட சொல்லியாச்சா?”

“இன்னும் இல்ல மேடம்.”

“அவருக்குத்தானே முதல்ல சொல்லணும்? என்கிட்ட எதுக்கு முதல்ல வந்தீங்க?”

“உங்ககிட்ட சொல்றது சுலபம் மேடம்,” என்றான். அது ஒன்றுதான் அந்த மாதத்தில் அவன் யோசிக்காமல் சொன்ன உண்மை.

ஹெட்மிஸ் ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினார். “வயர் வேலையில எந்தக் குறையும் இல்ல, சோதனை செஞ்ச முறைதான் தப்புன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போட்டு எல்லாருக்கும் அனுப்பறேன். உங்க விஷயத்தை அப்புறம் பேசலாம். இப்ப கிளம்புங்க.”

அக்கா வீட்டுக் கூடத்தில் அத்தான் மகளின் பள்ளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலரின் முனையை விரலால் நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும், “வா மாப்ள, இளைச்சுட்டியே,” என்றார். உட்கார்ந்தால் சொல்லாமலே எழுந்து ஓடிவிடுவோமோ என்று பயந்து, அவன் நின்றபடியே தாளை நீட்டினான்.

“அத்தான், உங்க வேலையில ஒரு தப்பும் இல்ல. முதல்ல போட்டதும் சரி, ரெண்டாவது போட்டதும் சரி. தப்பு என்னுது. பெட்டியைச் சோதிச்சதுல தப்புப் பண்ணிட்டேன். வெறும் பூஜ்யத்தை வச்சு ஓட்டிட்டேன். பெட்டிதான் மெதுவா இருந்துச்சு.”

அத்தான் தாளை இரண்டு தரம் வாசித்தார். உதடு அசைய மூன்றாம் தரமும் வாசித்தார். பிறகு அவருடைய முகம் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“அடியேய், இங்க வா! என் கை நல்லாத்தான் இருக்காம்டி! ஒண்ணும் ஆகலையாம்!” என்று கத்தினார். அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். இஸ்திரிப் பெட்டி சட்டைமேலேயே இருந்ததைப் பார்த்து, அவள் பதறிப்போய்த் தூக்கி வைத்தாள். அத்தான் சிரித்தார், மூக்கை உறிஞ்சினார், நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரி மேலிருந்து மெஷினை இறக்கினார். நடுவில் வந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“பூஜ்யமா! அட பைத்தியக்காரா, பூஜ்யத்தையா வச்சு ஓட்டின? இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கணும்டா!” என்று முதுகில் ஓங்கித் தட்டினார். “போகட்டும் விடு, மனுஷன்னா தப்பு பண்ணாம இருப்பானா? ஒண்ணும் கேட்காம அவனுக்குத் தட்டை வைடி. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டு வைத்தாள். அவன் உட்கார்ந்தான். இத்தோடு முடிந்துவிடும் போலிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை, மன்னிப்பும் கிடைத்துவிட்டது, பசியும் எடுத்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அந்த நிமிடத்தில் அவன் உள்ளுக்குள் அப்பாடா என்றுதான் மூச்சு விட்டான்.

அத்தான் மெஷினின் தூசியைத் துடைத்தபடியே, சந்தோஷத்தில் சும்மா கேட்டார். “எப்படா கண்டுபிடிச்ச? இன்னைக்கா?”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வாய்கூடத் திறக்க வேண்டாம். அக்கா எதிரில் நிற்கிறாள், அவள் முகத்தில் ஒரு மாதத்துக்கு அப்புறம் வெளிச்சம். அவன் தட்டைப் பார்த்தான். இன்னொரு தரம் டார்ச் பிடிக்க அவனால் முடியவில்லை.

“இல்ல அத்தான். திங்கட்கிழமை.”

“இந்தத் திங்களா?”

“நீங்க மறுபடி ஒட்ட வந்தீங்கல்ல, அதுக்கு முந்தின நாள்.”

அத்தானின் கையிலிருந்த துணி நின்றது. அவர் மனசுக்குள் நாளைக் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. செவ்வாய், புதன், வியாழன். கூட்டத்துக்கு நடுவே அவர் மன்னிப்புக் கேட்டது. கண் டாக்டர், நரம்பு டாக்டர், ஆஸ்பத்திரி, விளக்குக் கடை. ஒவ்வொன்றிலும் அவர் நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

“அப்ப நான் தரையில படுத்துக் கிடந்தப்போ,” என்றார் மெதுவாக, “உனக்குத் தெரியும்.”

“தெரியும் அத்தான்.”

“பழைய அளவும் புது அளவும் ஒண்ணா இருக்கேன்னு கேட்டனே. அப்பவும்.”

“தெரியும்.”

அக்கா கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அத்தான் திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால், கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். அத்தான் துணியை நாலாக மடித்து, மெஷினைப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பூட்டையும் போட்டார்.

“வெறும் தட்டோட ஏன் உக்கார வச்சிருக்க? போடு,” என்றார் மனைவியிடம். அவள் போட்டாள். அவன் பிசைந்தான். சாப்பிடாமல் எழுந்தால் அது இன்னொரு நாடகமாகிவிடும் என்று வாயில் வைத்தான். விழுங்கினான்.

அத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளறை வாசல்வரை போனார். அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். என்னைப் பத்தி உன்கிட்ட விசாரிப்பாங்க. என்னைத் தெரியாதுன்னு சொல்லிடு.”